விளக்கு ஏற்றினால்தான் உள்ளே விடுவோம்

போன வாரம் இந்தப் பகுதி வரவில்லை. "ஆள் உயிரோடுதான் இருக்கிறாரா?" என்று விசாரித்த வாசகர்களுக்கு நன்றி. "ஒரு வாரம் நிம்மதியாக இருந்தது" என்று தபாலட்டை எழுதிய பெல்மதுளை வாசகருக்கும் நன்றி. நிம்மதி உங்களுக்குத்தான் ஐயா. எனக்கு இல்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு டெலிபோன் அழைப்பு. அதைவிடப் பெரிய காரணம் ஒரு குத்துவிளக்கு.

பலாங்கொடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு புத்தகக் கடை இருப்பது உங்களுக்குத் தெரியும். புத்தகக் கடை என்பது பேச்சுக்கு. கொப்பி, பேனை, போட்டோகொப்பி, மூலையில் ஒரு கொம்பியூட்டர் – அவ்வளவுதான். அன்றைக்குக் காலையில் கல்லாவில் உட்கார்ந்து இந்தப் பகுதிக்கு என்ன எழுதலாம் என்று காது குடைந்துகொண்டிருந்தேன். டெலிபோன் அடித்தது. பெண் குரல்.

"அண்ணே, கல்யாண வெப்சைட்டு நடத்துறது நீங்கதானுங்களா?"

நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாராட்டு வருகிறபோது குனிந்து உட்காரலாமா?

"ஆமாம்மா. நம்ம சங்கம்தான். சொல்லுங்க."

"உள்ள வர முடியலைங்க."

"ஓ... நெட்டு ஸ்லோவா இருக்கும். எங்க இருந்து பேசுறீங்க?"

"ரத்தினபுரிங்க. நெட்டு நல்லாத்தான் இருக்கு. உங்க வெளக்கத்தான் ஏத்த முடியல."

இந்த இடத்தில் விளக்கைப் பற்றி நான் விளக்கியாக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் தமிழர்கள் சிதறிக் கிடக்கிறவர்கள். ருவான்வெல்லை ரப்பர் தோட்டத்தில் ஒரு பையன் இருப்பான். பலாங்கொடை மலையில் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண் இருப்பாள். இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் பிறந்திருந்தாலும், பிறந்த செய்தி போய்ச் சேராது. அதனால் எங்கள் வர்த்தகர் சங்கம் கல்யாணத்துக்கென்று ஒரு வெப்சைட் தொடங்கியது. வாசகங்கள் எழுதியது நான். வடிவமைத்தது என் மச்சான் சுதாகர் – என் சம்சாரத்தின் தம்பி. கொழும்பில் கொம்பியூட்டர் படித்தவன். கல்யாண வயதை எட்டி, அதைத் தாண்டி, நிதானமாகப் போய்க்கொண்டிருக்கிறவன். தன் விபரத்தையும் அந்த சைட்டில் மறக்காமல் போட்டுக்கொண்டவன்.

நம் ஊரில் விளக்கேற்றாமல் எது தொடங்கும்? த்ரீவீல் ஸ்டாண்ட் திறந்தால்கூட ஒரு குத்துவிளக்கு, திரிக்கு ஒரு பிரமுகர். அப்படியிருக்கக் கல்யாண சைட்டை எப்படி இருட்டில் தொடங்குவது? சுதாகர் யோசித்தான். சைட்டைத் திறந்தால் முதலில் கறுப்புத் திரை. நடுவில் பித்தளைக் குத்துவிளக்கு. ஒரு சின்னச் சுடரை மவுஸால் பிடித்து, ஒவ்வொரு திரியாகக் கொண்டுபோய்ப் பற்றவைக்க வேண்டும். எல்லாத் திரியும் எரிந்ததும் கெட்டிமேளம் முழங்கும். கதவு இரண்டாகப் பிளக்கும். உள்ளே மாப்பிள்ளைகளும் பெண்களும்.

திறப்பு விழாவில் கைதட்டல் அடங்கவில்லை. சங்கத் தலைவர் நடேசன் முதலாளிக்கு மட்டும் மவுஸ் பிடிபடவில்லை. சுடர் திரிக்குப் போகாமல் திரையின் நாலு மூலைக்கும் ஓடியது. கடைசியில் சுதாகர் அவர் கையைப் பிடித்து, ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைப்பதுபோல, ஏற்றவைத்தான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைக்கவில்லை. சரி, டெலிபோனுக்கு வருவோம்.

"ஏம்மா ஏத்த முடியல? மவுஸ் பழுதா?"

"எனக்குக் கண்ணு தெரியாதுங்க."

அவர் பெயர் புவனா. ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் அண்ணன் வீடு. ரத்தினபுரியில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஒப்பரேட்டர். திரையில் இருக்கும் எழுத்தை வாய்விட்டு வாசிக்கிற மென்பொருள் ஒன்று வைத்திருக்கிறார். கீபோர்ட்டிலேயே எல்லா வேலையும் செய்கிறார். ஆனால் சுடரைப் பிடித்துக்கொண்டு திரியைத் தேடுவது எப்படி? அதற்குக் கண் வேண்டுமே?

இந்த நேரத்தில் ஒரு புத்திசாலி என்ன கேட்பான்? தெரியாது. நான் கேட்டது இது:

"வீட்டுல யாரையாச்சும் ஏத்திக் குடுக்கச் சொல்லலாமேம்மா?"

"அண்ணி ஏத்திக் குடுப்பாங்க. ஏத்திட்டு உள்ள இருக்கிறதையும் அவங்களே வாசிப்பாங்க. அதுதாங்க கஷ்டம்."

"ஏன், தப்பா வாசிக்கிறாங்களா?"

"தப்பா இல்லீங்க. ரெண்டாந்தாரம், வயசானவரு, பிள்ளைங்க இருக்கிறவரு – இதெல்லாம் நிறுத்தி நிதானமா வாசிப்பாங்க. கொஞ்சம் நல்ல மாப்பிள்ளையா வந்தா அண்ணிக்கு இருமல் வந்துரும். இருமி முடிக்கிறப்போ அடுத்த பக்கத்துல இருப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும்தான். பிறகு அவர் சிரிப்பதை நிறுத்தினார்.

"அவங்க கெட்டவங்க இல்லைங்க. கெடைக்காததுக்கு நான் ஏங்கக்கூடாதுன்னு நெனைக்கிறாங்க. வர்ற பௌர்ணமி போயா லீவுக்கு அண்ணன் கேகாலைப் பக்கம் ஒரு எடத்துக்கு வாக்குக் குடுக்கப் போறாரு. மாப்பிள்ளை பெரிய பிள்ளைங்களுக்கு அப்பா. நல்ல மனுசன்னுதான் சொல்றாங்க. இருக்கட்டும். அதுக்கு முந்தி எல்லாரையும் ஒரு தடவ நானே பாத்துரணும் அண்ணே."

"உடனே சரி பண்ணிர்றோம்மா" என்றேன், கொம்பியூட்டரை நானே கண்டுபிடித்தவன் மாதிரி. ரிசீவரை வைத்ததும் காது மடல் சுட்டது.

பதற்றம் வந்தால் சிலருக்கு வியர்க்கும். சிலர் வெற்றிலை போடுவார்கள். நான் வெற்றுத்தாளைப் போட்டோகொப்பி எடுப்பேன். வெள்ளையாகப் போய் வெள்ளையாக வரும்... மனதுக்கு ஓர் ஆறுதல். அன்றைக்கு ஆறுதல் அடைய அரைக் கட்டுத் தாள் பிடித்தது.

சுதாகரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் ஒரு பெருமூச்சு விட்டான்.

"வெளக்க மட்டும் எடுத்தா போதாது அத்தான். உள்ள போனாலும் அவங்களுக்கு ஒண்ணும் வாசிக்காது."

"ஏன்டா?"

"தமிழ் எல்லாத்தையும் படமாத்தானே போட்டிருக்கேன். எழுத்தாப் போட்டா பாதிப் பேரு கொம்பியூட்டர்ல கட்டம் கட்டமாத் தெரியுது. படம்னா எல்லாருக்கும் தெரியும்ல?"

"எல்லாருக்கும்?"

அவன் தலையைச் சொறிந்தான். அந்த மென்பொருளுக்கு எழுத்து என்றால்தான் வாசிக்க வரும். படம் என்றால் மூடின பெட்டி. அதாவது நாங்கள் கட்டிய கல்யாண மண்டபத்தில் வாசலும் இல்லை. உள்ளே போனால் வாயும் இல்லை. இத்தனை நாள் அதற்கு "அனைவரும் வருக" என்று பெயர்ப்பலகை வேறு. எழுதியவன் நான்.

"எல்லாத்தையும் திரும்ப எழுத்தா டைப் பண்ணணும் அத்தான்."

"பண்ணு."

"வெளக்கு?"

அங்கேதான் சிக்கல். அது நடேசன் முதலாளியின் விளக்கு. அவர் வீட்டுப் பூஜை அறை விளக்கைப் படம் பிடித்துத்தான் சைட்டில் போட்டிருந்தோம்.

பிரதான வீதியில் அவருடைய புடைவைக் கடைக்கு நடந்தேன். வழியெல்லாம் ஒத்திகை. "விளக்கை அணைக்க வேண்டும்" என்று சொல்லலாமா? விளக்கை அணை என்று எந்தத் தமிழன் வாயால் சொல்வான்? அதுவும் கல்யாண விளக்கை? கடை வாசல் வந்ததும் தாண்டிப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடியும் தாண்டிப் போனேன். எதிர்க்கடைச் சிங்கள மனுசர் "மொகத மாத்தயா, என்ன தேடுறீங்க?" என்று கேட்ட பிறகுதான் உள்ளே நுழைந்தேன்.

"என்னப்பா, வேர்த்துக் கொட்டுது? சைட்டுல ஏதும் கரச்சலா?" என்றார் முதலாளி, துணியை அளந்தபடி.

"கரச்சல் இல்லீங்க மொதலாளி. நம்ம வெளக்க... கொஞ்சம் மலையேத்திட்டா என்னன்னு..."

அளவுகோல் மேசைக்கு வந்தது.

"கல்யாணக் காரியத்துல வெளக்க மலையேத்தச் சொல்றியா? ஒனக்குப் புத்தி பெரண்டுருச்சா? நாளைக்கு ஒரு சம்பந்தம் முறிஞ்சா ஊரு யாரக் கேக்கும்? என்னத்தானே?"

புவனாவைப் பற்றிச் சொன்னேன்.

"கண்ணு தெரியாத புள்ள கொம்பியூட்டர்ல என்ன பண்ணுது?"

"நம்மள விட வேகமாப் பண்ணுதுங்க."

"சரி, பக்கத்துல யாராச்சும் இருந்து ஏத்திக் குடுக்கட்டும்."

நான் கேட்டதே இதே கேள்விதான். அவர் வாயில் கேட்கும்போதுதான் அதன் அழகு தெரிந்தது.

"மொதலாளி, அன்னைக்கு சுதாகர் ஒங்க கையப் புடிச்சு ஏத்தி வச்சானே... ஒவ்வொரு தடவையும் அவன் வந்து ஒங்க கையப் புடிச்சா எப்படி இருக்கும்?"

முதலாளி தன் வலது கையைப் பார்த்தார். அன்றைக்கு அந்தக் கை கூசியது எனக்குத் தெரியும். ஊரே பார்த்தது.

விட்டேன் அடுத்த அம்பை. "அணைக்க வேணாம் மொதலாளி. ஏத்தியே வச்சிருவோம். திறக்கிறப்பவே எரியட்டும். அணையா வெளக்கு. உபயம்னு ஒங்க பேரு!"

கோயில் டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு உபயகாரர் பெயர் எழுதுகிற ஊர் இது. முதலாளி முகத்தில் எல்லாத் திரியும் ஒன்றாகப் பற்றிக்கொண்டது.

"பேரு பெரிசா இருக்கட்டும்" என்றார்.

பெரிதாகப் போட்டோம். அந்த மென்பொருள் வாசிப்பதற்கென்று, படத்துக்குப் பின்னால் அதையே எழுத்தாகவும் வைத்தோம். கெட்டிமேளத்தை அடக்கினோம் – அது முழங்கினால் மென்பொருளின் குரல் கேட்காதே! நாதஸ்வரக்காரரிடம் போட்டி போட்டு யார் பேச முடியும்? சுதாகர் இருந்து டைப் பண்ணினான். நான் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினேன். அது என் பங்களிப்பு.

போயாவுக்கு முந்தின சனிக்கிழமை புவனா கடைக்கே வந்துவிட்டார். "ஒபீஸ்ல உட்காந்து மாப்பிள்ளை பாத்தா, இருக்கிற வேலையும் போயிரும்" என்றார். ஓப்பநாயக்க பஸ் கொண்டக்டர் கடை வாசல்வரை வந்து, "மாத்தயா, மிஸ் ஆவா!" என்று அவர் வந்த சேதியைச் சிங்களத்தில் சத்தம் போட்டுவிட்டுத் தொங்கிக்கொண்டு போனார்.

பென் டிரைவில் அந்த மென்பொருள் கொண்டுவந்திருந்தார். சொருகினார். "நீங்களும் கேளுங்க, ஸ்பீக்கர்லயே போடுறேன்" என்றார். தகர டின்னுக்குள் இருந்து ஒருவன் தமிழ் பேசினான்.

"குத்துவிளக்கு. உபயம், நடேசன் முதலாளி குடும்பத்தார், பலாங்கொடை."

எண்டரைத் தட்டினார். கதவு திறந்தது. சுதாகரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இந்தப் பகுதிக்கு நல்ல முடிவு கிடைத்துவிட்டது என்றுகூட நினைத்தேன். அவ்வளவு அவசரம்.

அடுத்த பக்கம். "குத்துவிளக்கு. உபயம், நடேசன் முதலாளி குடும்பத்தார்..."

"இவரு எல்லா எடத்துலயும் நிக்கிறாரே! இவரும் மாப்பிள்ளையா அண்ணே?"

"அவருக்குப் பேரன் இருக்காம்மா. மேல போங்க."

முதல் மாப்பிள்ளை ருவான்வெல்லை. ரப்பர் தொழிற்சாலையில் வேலை. படிப்பு, வயது, நட்சத்திரம்... தகர டின் ஒப்பித்துக்கொண்டே போனது. கடைசியில் – "எதிர்பார்ப்பு: அழகும் அடக்கமும் உள்ள, உடற்குறை ஏதுமற்ற மணமகள்."

புவனா அடுத்தவருக்குப் போனார். இறக்குவானையில் கடை. அவர் முடிவிலும் – "உடற்குறை ஏதுமற்ற மணமகள்." அடுத்தவர் ஆசிரியர். "உடற்குறை ஏதுமற்ற..."

எனக்குக் காது மடல் பற்றி எரிந்தது. ஏனென்றால் அந்த வசனம் எனக்குத் தெரியும். பத்திரிகைக் கல்யாண விளம்பரங்களைப் பார்த்து, மாதிரிக்கு என்று நான்தான் எழுதிக்கொடுத்தேன். சுதாகர் அதை எல்லாருக்கும் கீழே ஒட்டிவிட்டான். புதிதாக டைப் பண்ணும்போதும் பத்திரமாக ஒட்டினான். பொருத்தம் தேடி வந்த யாரும் இதுவரை அதைப் பற்றிக் கேட்டதில்லை. கண் இருக்கிறவர்கள் யார் அதையெல்லாம் வாசிக்கிறார்கள்? போட்டோவைப் பார்ப்பார்கள், சம்பளத்தைப் பார்ப்பார்கள், தாண்டிவிடுவார்கள். தகர டின் தாண்டாது. ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் நின்று, ஒரு சொல் விடாமல், புவனாவின் முகத்துக்கு நேரே சொன்னது.

அடுத்த மாப்பிள்ளை தொடங்கினார். நட்சத்திரம் வந்தது. "எதிர்பார்ப்பு" என்றது தகர டின்.

நான் பலமாக இருமினேன்.

புவனா ஒரு கீயைத் தட்டினார். குரல் நின்றது.

"அண்ணே... நீங்களுமா?"

பக்கத்தில் போட்டோகொப்பி மெஷின் இருந்தது. போய் அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

"அது மாதிரி வசனம் மிஸ்," என்றான் சுதாகர் மெதுவாக. "அவங்க யாரும் சொல்லல. அத்தான் எழுதிக் குடுத்தது."

காட்டிக் கொடுப்பதில் மச்சான்மாருக்கு நிகர் இல்லை.

"நீங்கெல்லாம் கண்ணால தாண்டிப் போயிட்டீங்க," என்றார் புவனா. "நான் ஒவ்வொரு வீட்டுப் படியிலயும் தடுக்கி விழுந்துட்டு இல்ல போறேன்?"

"இப்பவே அழிச்சிர்றோம்மா. சுதாகர், அழி!"

"அழிக்க வேணாம். அவங்க மனசுல இருந்தா? போன் போட்டுக் கேளுங்க. இருந்தா இருக்கட்டும். தெரிஞ்சா எனக்கு நேரம் மிச்சம்."

கேட்டேன். வியர்க்க வியர்க்க, ஒவ்வொருவராக. இறக்குவானை மாப்பிள்ளைக்குப் பதிலாக அம்மா பேசினார்: "ஆமா, அது இருக்கட்டும் தம்பி." ஆசிரியர், "அப்படியா எழுதியிருக்கு? அப்பாவக் கேட்டுச் சொல்றேன்" என்றார். ருவான்வெல்லைக்காரர்தான் கொதித்துப் போனார்.

"என்னங்க இது அநியாயம்? எனக்கே ஒரு காலு கட்டைங்க! நானே நொண்டிக்கிட்டு, குறையில்லாத பொண்ணுதான் வேணும்னு கேட்டிருக்கேனா? அதான் இத்தன நாளா ஒருத்தரும் போன் பண்ணலயா? அதப் படிச்சவங்க என்னக் கண்டபடி பேசியிருப்பாங்களே!"

எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த புவனா வாய்விட்டுச் சிரித்தார். எனக்குள் மங்களகரமாக ஒரு மணி அடித்தது. அது முகத்தில் தெரிந்திருக்காது. ஆனால் குரலில் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. "அம்மா புவனா..." என்று தேன் ஒழுக ஆரம்பித்ததுமே அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"வேணாம் அண்ணே. குருடிக்கு நொண்டின்னு எங்க அண்ணி போடுற கணக்கையே நீங்களும் போடாதீங்க. அவரு நல்லாப் பேசுறாரு. மிச்சப் பேரையும் பாத்துட்டு யோசிக்கிறேன்."

பார்த்தார். மத்தியானச் சோறு மறந்து பார்த்தார். வேகத்தைக் கூட்டி வைத்ததில், தகர டின் எண்ணெயில் போட்ட கடுகு மாதிரி வெடித்தது. எங்களுக்கு ஒரு சொல் புரியவில்லை. அவர் மட்டும் "ம்... இவரு வேணாம். ம்... இவரு தன்னப் பத்தியே பேசுறாரு, வேணாம்" என்று தள்ளிக்கொண்டே போனார். புடைவைக் கடையில் எல்லாவற்றையும் பிரித்துப் போடச் சொல்லிப் பார்க்கிறவர்களின் அதே முகம். அந்த முகத்தை நடேசன் முதலாளி பார்த்திருந்தால் பயந்திருப்பார்.

நடுவில் போனை வாங்கி அண்ணனுக்கு அடித்தார்.

"அண்ணே, போயாவுக்கு வாக்குக் குடுத்துராதீங்க." அந்தப் பக்கம் அண்ணன் ஏதோ சத்தம் போட்டார். பின்னால் ஒரு பெண் இருமுவது எனக்கே கேட்டது. "இல்லண்ணே, யாரையும் முடிவு பண்ணல. நான் இன்னும் பாத்துக்கிட்டு இருக்கேன்."

போனைத் திருப்பித் தரும்போது என்னிடம் சொன்னார்: "இத்தன வருசமா என்னத்தான் எல்லாரும் வேணாம்னு சொன்னாங்க. வேணாம்னு சொல்றதுல இவ்வளவு சொகம் இருக்குன்னு இன்னைக்குத்தான் அண்ணே தெரியுது."

ஒரு சைட்டை எல்லாருக்கும் திறந்துவிடுவது என்றால், உள்ளே வருகிறவர்கள் கைகூப்பி நன்றி சொல்வார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. உள்ளே வந்து, சுற்றிப் பார்த்து, "உங்கள் சரக்கு சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போகிற உரிமையையும் சேர்த்துத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. விளக்கேற்றி வைத்தால் வீட்டில் இருக்கிற ஒட்டடையும் தெரியத்தானே செய்யும்?

இப்போது சைட்டில் அந்த மாதிரி வசனம் இல்லை. எதிர்பார்ப்பு என்ற இடம் காலி. அவரவர் சொன்னால்தான் எழுதுவோம். ருவான்வெல்லைக்காரர் சொன்னது: "பொறுமையா நடக்கிற பொண்ணு போதும்." புவனாவும் தன் விபரத்தை அங்கேயே உட்கார்ந்து தானே டைப் பண்ணிவிட்டுப் போனார். கண் தெரியாது என்பதை முதல் வரியிலேயே போட்டார். எதிர்பார்ப்பில் ஒரே வரி: "இருமல் இல்லாதவர்."

எல்லாம் சுபம் என்று பேனையை மூடப் போனேன். மூட முடியவில்லை. புவனா அன்றைக்கு வேண்டாம் என்று தள்ளியவர்களில் ஒருவன் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான் – சுதாகர். அவன் விபரத்தை முழுதாகக் கேட்டுவிட்டு, அவனிடமே சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க. வாசல்லயே வெளக்கேத்தச் சொன்ன நீங்க, வீட்டுக்குள்ள என்னென்ன ஏத்தச் சொல்வீங்களோ!"

அவன் சிரித்துவிட்டான். அவன் அக்காள் சிரிக்கவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்து நிற்கிறாள்.

"எந்தம்பிக்கு என்னங்க கொறச்சல்?"

எனக்கு இருமல் வந்துவிட்டது.